சேர்த்தது: ஒன்றுமில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஒரு முட்டாள். தன்னடக்கத்துக்காகச் சொல்லவில்லை. ஓய்வு பெற்றவர்கள் எழுதும் கட்டுரைகளில் முதல் பத்தியில் இப்படிப் பணிவாக ஏதாவது சொல்லிவிட்டு, இரண்டாம் பத்தியிலிருந்து சாதனைகளை அடுக்குவார்கள். என்னிடம் அடுக்க ஒன்றும் இல்லை. குன்னூரில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் முப்பத்தோரு வருடம் இயந்திரப் பராமரிப்புப் பொறியாளராக இருந்தேன். லிஃப்ட், பம்ப், ஜெனரேட்டர், காற்றுக் குழாய் எல்லாவற்றையும் ஓரளவு ஓட வைத்தேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு மனிதரின் நாக்கைத்தான் கெடுத்துவிட்டேன். இதற்கு எழுத்துப்பூர்வமான ஆதாரம் இருக்கிறது. அதன் அடியில் இருப்பது என் கையெழுத்து.

இதை எழுத வைத்தவர் ரம்யா. என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பொறியாளர். நாங்கள் முதுகு ஒடிய எழுதிய பராமரிப்பு நோட்டெல்லாம் பரணுக்குப் போய், இப்போது எல்லாமே செல்போன் செயலியில். போன மாதம் கூப்பிட்டார்.

“சார், ஒரு டவுட்டுங்க. ஆப்புல ஒவ்வொரு வேலைக்கும் கடைசில ‘சேர்த்தது’ன்னு ஒரு கட்டம் வருதுங்க. அதை நிரப்பாட்டி அடுத்ததுக்கே போக உட மாட்டீங்குது. பல்பு மாத்துனாக்கூடக் கேக்குது. நாங்க எல்லாத்துக்கும் ‘ஒன்றுமில்லை’ன்னு போட்டுட்டு இருக்கறோம். இது எதுக்குங்க சார்?”

“தெரியலையேம்மா. யாரோ ஒரு கிறுக்கன் வெச்சிருப்பான்.”

“பழைய நோட்டுலயும் இருக்குதுங்க. ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டு, மேல தலைப்பு எழுதி. உங்க கையெழுத்து மாதிரி இருக்குதுங்க சார்.”

அகப்பட்டுக்கொண்டேன். போனில் சொன்னால் பாதியில் லைனை வெட்டிவிடலாம் என்ற ஆசை வரும். அதனால் எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவுக்குக் குன்னூருக்குப் பக்கத்தில், ஜெகதளாவில் மளிகைக் கடை. எனக்குக் கோயமுத்தூர் பாலிடெக்னிக்கில் மூன்று வருடம், ஒரு நூற்பாலையில் இரண்டு வருடம். அங்கே கற்றுக்கொண்டதை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிவிடலாம். மலையேறி வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அந்த டிக்கெட்டும் தொலைந்துவிட்டது.

எங்கள் கட்டடம் சரிவில் நிற்கிறது. மொத்தம் ஐந்து மாடி. ரோட்டிலிருந்து வாசல் வழியாக நுழைந்தால் நீங்கள் நிற்பது மூன்றாவது மாடி. தரைத்தளம் அதற்குக் கீழே, பள்ளத்தைப் பார்த்தபடி இருக்கிறது. இது எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் நாள் “கிரவுண்ட் ஃப்ளோர்ல பம்ப் கத்துது, போய்ப் பாருங்க” என்றார்கள். ரோட்டை ஒட்டி இருந்தால் அதுதானே தரை என்று, ஸ்பேனரைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கிருந்த கதவைத் திறந்து உள்ளே போனேன். அது ஒரு வங்கியின் பெட்டக அறை. வாட்ச்மேன் பெள்ளி ஓடி வந்து என்னை மீட்டார்.

“கிரவுண்டு கீழ இருக்குதுங்க, சார்.”

“அப்ப இது என்னங்க?”

“இது மேல.”

பெள்ளி படுகர். இந்த மலையிலேயே பிறந்தவர். மேல் எது, கீழ் எது என்பதில் அவருக்கு ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. எனக்கு அந்தக் கட்டடத்தில் முப்பத்தோரு வருடமும் அந்தக் குழப்பம் முழுதாகத் தீரவில்லை.

என் மேலதிகாரி பழனியப்பன் சார். தலைமைப் பொறியாளர். கட்டட உரிமையாளர்களுக்குப் பல ஊர்களில் கட்டடங்கள் இருந்ததால் அவர் கோயமுத்தூரில் இருந்தார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை காலை பஸ்ஸில் வருவார். குள்ளமான மனிதர். பச்சை மைப் பேனா, வெள்ளைச் சட்டை. ஒருநாளும் திட்ட மாட்டார். தப்பு நடந்திருந்தால் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைப்பார். சின்னத் தப்பு என்றால் ஒரு கண் மட்டும் துடைத்துவிட்டுப் போட்டுக்கொள்வார். இரண்டு கண்ணையும் துடைத்தால் உட்கார்ந்துவிடுவது நல்லது.

இயந்திரம் தானாகக் கெடாது, மனிதன் தொட்டால்தான் கெடும் என்பது அவர் கொள்கை. லிஃப்ட் நின்றுவிட்டது என்று சொன்னால் “என்ன ஆச்சு?” என்று கேட்க மாட்டார். “கடைசியா யாரு தொட்டது?” என்பார். எங்கள் நோட்டில் தேதி, இயந்திரம், செய்த வேலை, அளவு என்று நான்கு கட்டம் போட்டு, ஐந்தாவதாகத் ‘தொட்டவர்’ என்று அவரே எழுதியிருந்தார்.

“‘செய்தவர்’ன்னு போடலாமுங்களே சார்?” என்று கேட்டேன்.

“செஞ்சவன்னு போட்டா பெருமையா இருக்கும். தொட்டவன்னு போடு. பயமா இருக்கும்.”

அவர் முதன்முதலில் எனக்காக இரண்டு கண்ணையும் துடைத்தது கேன்டீன் பாய்லருக்காக. சமவெளியிலிருந்து புதிதாக வந்த மின்சார வெந்நீர்க் கொப்பரை. முள் தொண்ணூற்றெட்டு டிகிரியைத் தொட்டால் பச்சை விளக்கு எரிந்து தானாக நிற்கும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. முள் தொண்ணூற்று நாலில் போய் நின்றுகொண்டது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, கேன்டீன் முழுக்க ஆவி, விளக்கு மட்டும் எரியவில்லை. சூடாக்கும் கம்பிச்சுருள் பலவீனம் என்று முடிவு செய்து மாற்றினேன். அதுவும் பலவீனம் என்று இன்னொன்று மாற்றினேன். அன்று சார் வந்தார்.

“குன்னூர்ல தண்ணி எத்தனை டிகிரியில கொதிக்கும்?”

“நூறுங்க சார்.”

இடது கண் துடைத்தாகிவிட்டது.

“நீ எந்த ஊரு?”

“ஜெகதளாங்க சார்.”

“உங்கம்மா பருப்பை எதுல வேக வெப்பாங்க?”

“குக்கர்லங்க சார். இல்லாட்டி இங்க வேகாதுங்களே... உயரத்துல தண்ணி சீக்கிரமே...”

அப்போதுதான் என் வாயிலிருந்து வருவது என் காதில் விழுந்தது. பாலிடெக்னிக் பரீட்சையில் இந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான். என் படிப்பு ஒரு மாடியில் இருந்தது, என் வாழ்க்கை வேறொரு மாடியில் இருந்தது. நடுவில் லிஃப்ட் இல்லை. வலது கண்ணையும் துடைத்துவிட்டு, சார் பச்சை மைப் பேனாவால் ‘தொட்டவர்’ கட்டத்தைக் காட்டினார்.

இனி செல்லையா அண்ணன்.

ஐந்தாம் மாடியில் ஒரு தேயிலைத் தரகு நிறுவனம். தோட்டத்து ஃபேக்டரிகளிலிருந்து ஏலத்துக்குப் போகும் தூளின் மாதிரி முதலில் அங்கே வரும். அதைச் சுவைத்து, நல்லது கெட்டது எழுதுவது செல்லையாவின் வேலை. அவருடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து சேரங்கோட்டில் குடியேறியவர்கள். இவர் தோட்டத்து ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் இடத்தில் சாக்குத் தூக்கப் போனார். தூள் சரியில்லை என்று துரைமார் கண்டுபிடிக்கும் முன்பே இவர் சொல்லிவிடுகிறார் என்று யாரோ கவனித்து, படிப்படியாக இந்தச் சுவைக்கும் அறைக்கு வந்து சேர்ந்தார். வீட்டிலும் வேலையிலும் டீயை அவர் ‘தேத்தண்ணி’ என்றுதான் சொல்வார்.

“மத்தவங்களுக்கு சர்டிபிகேட் இருக்கு இஞ்சினியர். எனக்கு இருக்கிறது நாக்கு ஒண்ணுதான். அதையும் லேமினேட் பண்ணி வைக்க ஏலாது” என்பார்.

அந்த அறையின் முறைகளைப் பார்த்தால் கோயில் கருவறை தோற்கும். வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல். நீள மேசையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக. சின்னத் தராசில் நிறுத்து எடுத்த தூள், அப்போதுதான் கொதித்த தண்ணீர், மூடி, கடிகாரம். நேரமானதும் கிண்ணத்தில் வடிப்பார்கள். வெந்த இலையை மூடியின் மேல் தட்டி வைப்பார்கள். பிறகு செல்லையா ஒரு பெரிய கரண்டியோடு வரிசையில் நடப்பார். ஒரு கரண்டி எடுத்து ‘சர்ர்’ என்று காற்றோடு சேர்த்து உறிஞ்சுவார். நான்காம் மாடி இன்சூரன்ஸ்காரர்களுக்குக் கேட்கும் அந்தச் சத்தம். வாயில் உருட்டி, சக்கரம் வைத்த தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கோப்பை. நிமிடத்துக்கு மூன்று நான்கு.

உள்ளே யார் போனாலும் சட்டம் ஒன்றுதான். ஸ்வெட்டர், மஃப்ளர், கைக்குட்டை எல்லாம் வெளியே ஆணியில். வாசனையில்லாத சோப்பில் கை கழுவ வேண்டும். வெள்ளை அங்கி போட வேண்டும். எனக்கு இதில் ஒரு கஷ்டம் இருந்தது. என் மூக்கு எப்போதும் அடைத்தே இருக்கும். டீசல் புகையும் பம்ப் அறை ஈரமும் சேர்ந்து அதை எப்போதோ மூடிவிட்டன. பாக்கெட்டில் நீலகிரித் தைலம் நனைத்த கைக்குட்டை இல்லாமல் நான் இருந்ததே இல்லை. அந்த அறைக்குள் கால் மணி நேரம் நின்றால் வாயால்தான் மூச்சு. ஆனாலும் சட்டத்தை மீறியதில்லை. நான் முறை தவறாதவன். அதுதான் வினையாகப் போயிற்று.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு ஜூன் மாதம். மழை பிடித்துக்கொண்டது. பெள்ளி வந்து சொன்னார்: “மேல ரூமுக்குக் காத்துப் போற குழாயில பூஞ்சான் வாசம் அடிக்குதுங்க.”

எனக்கு எதுவும் அடிக்கவில்லை. எனக்கு எதுவும் அடிக்காது. ஆனாலும் நம்பினேன். மொட்டை மாடியில் இருந்த ஃபேன் வெளிக்காற்றை இழுத்து, நாலு துணி ஃபில்டர் வழியாகச் சுவைக்கும் அறைக்குத் தள்ளும். அந்த ஃபில்டர்களைத் திங்கட்கிழமைதோறும் சோப்புத் தண்ணீரில் கழுவி, அலசி, காயவைத்து மாட்டுவதென்று ஏற்பாடு செய்தேன். செவ்வாயும் புதனும்தான் அங்கே சுவைக்கும் நாட்கள்.

வீட்டில் மழைக்காலத்தில் என் மனைவி சரோஜா கம்பளி துவைத்தால், கடைசியாக அலசும் வாளியில் பத்துச் சொட்டுத் தைலம் விடுவாள். பூஞ்சை வாசம் அண்டாது. அது நினைவுக்கு வந்தது. ஃபில்டர் அலசும் வாளியிலும் பத்துச் சொட்டு விட்டேன். ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதியோடு நோட்டில் எழுதினேன்: ‘ஃபில்டர் கழுவியது. நிலை நன்று. தொட்டவர்: நான்.’ தைலத்தை எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. எழுதுவதற்குக் கட்டமே இல்லை.

மறுநாளே, ஜூன் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, போன் வந்தது. “இஞ்சினியர், கொஞ்சம் மேல வாங்க.”

போனேன். செல்லையா கரண்டியைக் கையில் பிடித்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தேத்தண்ணி சூடா இருக்கு. ஆனா நாக்கோட பின்பக்கம் குளிருது.”

“குன்னூர்ல எல்லாமே குளிருதுங்கண்ணா.”

சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்குச் சிரிக்காதவர்கள் நிறைய உண்டு, ஆனால் அவர் எப்போதும் சிரிப்பார்.

“இது ஊர்க்குளிர் இல்ல. யாரோ நாக்கு மேல ஊதுற மாதிரி. வாசமா ஒண்ணும் புடிபடல. ஒரு கோப்பையில இருந்தா ஃபேக்டரி மேல சொல்லலாம். எல்லாக் கோப்பையிலயும் இருக்கு. எல்லா ஃபேக்டரியும் பேசி வச்சா தப்புப் பண்ணும்?”

நான் ஆய்வு தொடங்கினேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் எனக்குப் பெருமை இருந்தது. ஓடும் இயந்திரத்தின் பக்கம் போகக்கூடாது. முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அதில் பூட்டுப் போட வேண்டும். ‘வேலை நடக்கிறது, தொடாதே’ என்ற சிவப்பு அட்டையில் என் பெயர் எழுதித் தொங்கவிட வேண்டும். சாவி என் பாக்கெட்டில். இறக்கைகள் நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். இவ்வளவும் முடித்துத்தான் குழாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஃபில்டர்கள் பளிச்சென்று இருந்தன. ஈரம் இல்லை. பூஞ்சை இல்லை. பிறகு அறைக்கு வந்து, வெப்பம், ஈரப்பதம் எல்லாம் அளந்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று.

“இப்ப எப்படி இருக்குதுங்கண்ணா?”

ஒரு கரண்டி உறிஞ்சினார். இன்னொன்று. “இப்ப இல்ல” என்றார். அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை, குழப்பம்தான் இருந்தது. எனக்கும் அதேதான்.

அடுத்த செவ்வாய் மறுபடி போன். மறுபடி பூட்டு, அட்டை, டார்ச். மறுபடி “இப்ப இல்ல.” பல் டாக்டர் வீட்டு வாசலுக்குப் போனதும் பல்வலி நின்றுவிடுமே, அந்த மாதிரி நான் படியேறினாலே அவர் வியாதி ஓடிவிடுகிறது. அப்படியானால் இது மனசில் இருக்கும் கோளாறு என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. அன்று கை கழுவிக்கொண்டிருந்தபோது அவர் திடீரென்று கேட்டார்:

“வீட்ல யாருக்கும் சளியா, இஞ்சினியர்?”

“எனக்குத்தானுங்க. ஒரு இருபது வருசமா.”

“ம்” என்றார். அவர் அதை ஏன் கேட்டார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அவர் மேல் எனக்குப் பரிதாபம் வந்தது. பரிதாபம் வந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன். அடுத்த திங்கட்கிழமை ஃபில்டர்களை இரண்டு முறை கழுவினேன். தைலம் இருபது சொட்டு. மறுநாள் செல்லையா வரிசையின் பாதியிலேயே கரண்டியை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார் என்று பெள்ளி வந்து சொன்னார்.

இதற்கிடையில் அவர் ‘குறை’ என்று எழுதிய மாதிரிகளையே நிறுவனத்தின் கோயமுத்தூர் அலுவலகத்துக்கும் அனுப்பிச் சுவைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு குறையும் இல்லை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

“அதே தூளுங்க. அங்க நல்லா இருக்குது, இங்க மட்டும் குளிருதாம். ஒண்ணு ரூம்ல கோளாறு, இல்லாட்டி நாக்குல கோளாறு. ரூமைப் பாத்து எழுத்துல குடுங்க. அதை வெச்சு நாங்க முடிவு பண்ணிக்கறோம்.”

படியிறங்கும்போது செல்லையா எதிரே வந்தார். “எனக்காக ஒண்ணும் மாத்தி எழுத வேணாம். உள்ளதை எழுதுங்க. ஆனா நல்லாப் பாத்து எழுதுங்க” என்றார்.

பார்த்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை முழுக்கப் பார்த்தேன். பூட்டுப் போட்டு, அட்டை தொங்கவிட்டு, இறக்கை நின்றபின் அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். மூன்று பக்கத்துக்கு எழுதினேன். கடைசி வரி: ‘காற்றோட்ட அமைப்பில் குறை எதுவும் இல்லை.’ கையெழுத்து அழகாக விழுந்தது என்று அன்று சந்தோஷப்பட்டேன்.

மூன்றாம் நாள் செல்லையா என் அறைக்கு வந்தார். உண்மையான தரைத்தளத்தில், பம்ப் பக்கத்தில் இருக்கும் என் அறை. கையில் ஒரு துணிப்பை. அதில் அவருடைய கரண்டி.

“அடுத்த மாசம் ஒண்ணாந்தேதிலருந்து கோயமுத்தூர்ல இருந்து புதுசா ஒரு தம்பி வர்றாராம். நான் பார்சல் செக்‌ஷனுக்குப் போகணுமாம். மாதிரிப் பொட்டலம் கட்டுறது” என்றார். “காத்து நல்லா இருக்குன்னு எழுதிட்டீங்க.”

“மூணு தடவை பாத்தேனுங்கண்ணா.”

“சரி. அப்ப எனக்குத்தான்.” துணிப்பையை என் மேசை மேல் வைத்தார். “டாக்டரு ஒண்ணும் இல்லைங்கிறாரு. நீங்க மெஷின் பாக்கிறவரு. ஒருக்கா பாருங்க.”

வாயைத் திறந்து நாக்கை நீட்டினார்.

அந்த நேரத்தில் ஒரு நல்ல மனிதன் என்ன செய்திருப்பான் என்று தெரியாது. நான் டார்ச்சை எடுத்தேன். ஃபில்டரைப் பார்ப்பது போல ஓரம், நடு, பின்பக்கம் என்று அடித்துப் பார்த்தேன்.

“நல்லா செவப்பாத்தான் இருக்குதுங்கண்ணா.”

நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார். “நன்றிங்க” என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார். இரண்டு மாடி ஏறினால்தான் அந்தக் கட்டடத்தில் வெளியே போக முடியும். அத்தனை படியும் அவர் காலடி கேட்டது.

அந்த வாரம் பழனியப்பன் சார் வந்தார். என் அறிக்கையைப் படித்தார். முடித்ததும் அவருடைய வழக்கமான கேள்வி.

“கடைசியா யாரு தொட்டது?”

“யாரும் தொடலைங்க சார்.”

நோட்டைப் புரட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது. “திங்கட்கிழமை ஃபில்டர். தொட்டவர் நீ. போன திங்கள், நீ. அதுக்கு முந்தின திங்கள், நீ. அவருக்கு எப்ப இருந்து குளிருது?”

“ஜூன்... ரெண்டாவது செவ்வாய்ங்க சார்.”

“நீ எப்ப இருந்து கழுவற?”

“ஜூன்... அதுக்கு முந்தின நாளுங்க சார்.” என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது.

“எதுல கழுவற?”

“சோப்புத் தண்ணிங்க சார்.”

“அப்புறம்?”

“நல்ல தண்ணியில அலசுவேனுங்க.”

“அப்புறம்?”

மூன்றாவது ‘அப்புறம்’ வரை எனக்கு நிஜமாகவே நினைவு வரவில்லை. வந்ததும் சொன்னேன். சொட்டுக் கணக்கோடு சொன்னேன். சார் கண்ணாடியைக் கழற்றினார். இடது கண். வலது கண். மறுபடி இடது. வெளியே மூட்டம் வந்து ஜன்னலை மூடியது, விலகியது, அவர் இன்னும் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அவரு டீயைக் காத்தோட சேத்து உறிஞ்சறவரு. நீ காத்துல தைலம் போட்டிருக்க. நாம குடிச்சாத் தெரியாது. மூக்குக்கும் எட்டாத அளவு. அவரு நாக்குக்கு எட்டியிருக்குது. எட்டறதுக்குத்தான் அவரை வெச்சிருக்காங்க.”

“ஆனா நான் போனப்ப எல்லாம் இல்லைன்னு சொன்னாருங்களே சார்?”

“நீ போறப்ப ஃபேன் ஓடுச்சா?”

“பூட்டுப் போட்டு, அட்டை மாட்டி...”

“ஓடாத காத்தைச் சோதிச்சு மூணு பக்கம் எழுதியிருக்க” என்றார். அவர் எனக்குச் சொன்னதிலேயே அதுதான் பெரிய திட்டு.

பிறகு ஸ்கேலை என் கையில் கொடுத்தார். நோட்டில் ஆறாவதாக ஒரு கட்டம் போடச் சொன்னார். தலைப்பு என்ன என்று கேட்டேன். “நீயே வை” என்றார். ‘சேர்த்தது’ என்று எழுதினேன். ஜூனிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமைக்கும் பின்னோக்கி நிரப்பினேன்: தைலம் பத்துச் சொட்டு, தைலம் பத்துச் சொட்டு, தைலம் இருபது சொட்டு, தைலம் இருபது சொட்டு. ரம்யா, உங்கள் கட்டம் பிறந்த கதை இதுதான்.

“மேல போய்ச் சொல்லு” என்றார்.

“நீங்களும் வாங்க சார்.”

“தொட்டது நானா?”

தனியாகப் போனேன். மேனேஜர் முழுதும் கேட்டுவிட்டு, என்னுடைய பழைய மூன்று பக்கத்தை எடுத்து மேசை மேல் வைத்தார்.

“அன்னைக்குக் குறையே இல்லைன்னு எழுதுனீங்க. இன்னைக்குத் தைலம்ங்கறீங்க. நாளைக்கு என்ன சொல்லுவீங்க? அவரு உங்களுக்கு வேண்டப்பட்டவருன்னு எல்லாத்துக்கும் தெரியும்.”

பொய் சொன்னபோது நம்பியவர், அதாவது தெரியாமல் சொன்னபோது, உண்மையை நம்ப மறுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டார். ஃபில்டர்களைப் புதிதாக மாற்றி, நாலு நாள் ஃபேனை வெறுமனே ஓடவிடுவது. கோயமுத்தூரில் பத்து மாதிரிகளைச் சுவைத்து, குறிப்பை உறையில் போட்டு ஒட்டி, மாதிரிகளோடு வரவழைப்பது. செவ்வாய்க்கிழமை காலை செல்லையா அவற்றைச் சுவைக்க வேண்டும். அவர் சொல்வது உறையில் இருக்கும் குறிப்போடு ஒத்துவந்தால் அறை அவருக்கு. வராவிட்டால் பார்சல் செக்‌ஷன்.

அந்த நாலு நாளும் நான் யோசித்ததைச் சொன்னால் வெட்கக்கேடு. எல்லாமே தைலத்தால்தானா? ஒரு மாதமாக எல்லோரும் ‘உன் நாக்கு சரியில்லை’ என்று சொல்லிச் சொல்லி, இப்போது நிஜமாகவே சரியில்லாமல் போயிருந்தால்? இயந்திரத்தில் ஒரு கோளாறை நீக்கினால் அதன் பின்னால் இன்னொன்று ஒளிந்திருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். செல்லையாவிடம் போய்ப் பேசலாம் என்று இரண்டு முறை ஐந்தாம் மாடிக்கு ஏறினேன். ஒரு முறை அவர் இல்லை. இன்னொரு முறை இருந்தார், அதனால் திரும்பி இறங்கிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை. நாலு நாள் கவலையில் என் மூக்கு இரண்டு பக்கமும் சிமென்ட் பூசியது போல் அடைத்துவிட்டது. “ஏனுங்க, இப்படியே போனா மேல மூச்சு வாங்கும்” என்று சரோஜா புதுக் கைக்குட்டையில் தாராளமாகத் தைலம் விட்டு மடித்துக் கொடுத்தாள். படியேறும்போது அதை முகர்ந்துகொண்டேதான் போனேன், ஒன்றும் தெரியவில்லை.

அறைக்குள் மேனேஜர் ஒட்டிய உறையோடு நின்றுகொண்டிருந்தார். பழனியப்பன் சார் காலை பஸ்ஸிலேயே வந்து சுவரோரம் நின்றார். பெள்ளிகூட வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மேசையில் பத்துக் கோப்பை, ஆவி பறந்தது. செல்லையா கரண்டியோடு ஜன்னல் பக்கம், எங்களுக்கு முதுகு காட்டி, கடிகாரம் மணியடிக்கக் காத்திருந்தார். அந்த நாலு நாளில் அவர் யாரோடும் பேசவில்லை என்று பெள்ளி சொல்லியிருந்தார்.

மன்னிப்பை இப்போதே கேட்டுவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவர் ஜெயித்த பிறகு கேட்டால் அது வாழ்த்து. தோற்ற பிறகு கேட்டால் அது துக்கம் விசாரிப்பது. முதல் கோப்பைக்கு முன்னால் கேட்டால்தான் அது மன்னிப்பு. அந்த அவசரத்தில் ஆணி, சோப்பு, வெள்ளை அங்கி எதுவும் என் கண்ணில் படவில்லை. நேரே வாசலைத் தாண்டி உள்ளே போய்விட்டேன். வாக்கியம் வாக்கியமாக மனப்பாடம் செய்துவைத்திருந்ததில் முதல் வரிதான் வந்தது.

“அண்ணா, தப்பு முழுக்க என்னோடதுங்க. மன்னிச்சுக்குங்க.”

செல்லையா திரும்பவில்லை. அவர் தலை மட்டும் கொஞ்சம் நிமிர்ந்தது. மெதுவாக ஒரு மூச்சு இழுத்தார். கரண்டியைத் துடைத்து வைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்:

“கைக்குட்டையை வெளிய வச்சிட்டு வாங்க.”